விசிலைக் கழற்றிவைக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயது. பதினைந்து வருடம் கூடைப்பந்து ஆடினேன். முழங்கால் போனதும் எங்கள் ஊர் கிளப்பில் கோச் ஆனேன். இரண்டு வருடமாகப் பையன்களிடம் கத்துவதே வேலையாகிவிட்டது. கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுகிற சுலபமான லே-அப்பைத் தவறவிட்டாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. போன மாதம் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இப்போது கமிட்டி, “கோச்சிங்கை விட்டுவிட்டு செலக்‌ஷனையும் நிர்வாகத்தையும் பாருங்கள்” என்கிறது. என்னை ஓரங்கட்டுகிறார்களா?
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: தம்பி, படித்ததுமே அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜெர்ரி வெஸ்ட்தான் நினைவுக்கு வந்தார். அந்த நாட்டு லீக்கான என்பிஏவின் சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற வெள்ளை உருவம் அவருடைய போட்டோவைப் பார்த்து வரைந்ததுதான். 1960 முதல் 1974 வரை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு ஆடினார். ஒன்பது ஃபைனல், எட்டில் தோல்வி. 1969 ஃபைனல் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம் சொந்த அரங்கில். ஜெயித்ததும் கொட்டுவதற்காகக் கூரையில் பலூன்களைக் கட்டிவைத்திருந்தார்கள். தொடைக் காயத்தோடு இறங்கி 42 புள்ளி எடுத்தார் வெஸ்ட். பாஸ்டன் செல்டிக்ஸ் 108-106 என்று ஜெயித்தது. பலூன்கள் மேலேயே தொங்கின. அந்த ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அந்த மனிதர் 1976-இல் அதே அணிக்குக் கோச் ஆனார். முதல் சீசனிலேயே 53 வெற்றி. ஆனால் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஃபைனலை எட்டவில்லை. தனக்குக் கைவந்தது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்ற ஆற்றாமை அவரை அரித்தது. 1979-இல் விலகி, ஊர் ஊராக ஆட்டக்காரர்களைப் பார்க்கிற ஸ்கவுட் வேலைக்குப் போனார். 1982-இல், அணிக்கு யாரை எடுப்பது என்று முடிவுசெய்யும் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

1996-இல் கோபி பிரயன்ட் என்ற 17 வயதுப் பையனை, ஓய்வுபெற்ற தடுப்பாட்டக்காரர் மைக்கேல் கூப்பருக்கு எதிரே ஆடவைத்துப் பார்த்தார். முடியும்வரை காத்திருக்கவே இல்லை, பார்த்தது போதுமென்று கிளம்பிவிட்டார். அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் சார்லட் அணி 13-ஆவதாகத் தேர்ந்தெடுத்த அந்தப் பையனுக்காகத் தன் அணியின் சென்டர் ஆட்டக்காரர் விளாடே டிவாட்ஸையே கொடுத்தார். அதே கோடையில் நட்சத்திர ஆட்டக்காரர் ஷகீல் ஓ’நீலையும் கொண்டுவந்தார். 2000-இல் லேக்கர்ஸ் சாம்பியன்.

கோச்சாக அவரைப் பாடாய்ப் படுத்திய அதே கண்தான் இது. சின்னப் பிசகுகூட அதற்குத் தப்பாது. கோச் அதைப் பையனுக்குப் புரியும்படி நூறு தடவை சொல்லியாக வேண்டும். செலக்‌ஷனில் இருப்பவர் சரியாகப் பார்த்தால் போதும். உங்களுக்கு வராதது சொல்லித்தருவது, பார்ப்பது அல்ல. கமிட்டியின் மனதில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. வேலை நல்ல வேலை, ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரை எடுப்பது என்ற கடைசி வார்த்தை உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெறும் பதவிதான் மிஞ்சும். புதுக் கோச்சாகப் பொறுமைசாலி ஒருவரைப் பிடியுங்கள்.

கோபம் உடனே அடங்கிவிடாது. மேனேஜரான பிறகும் வெஸ்டால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது, பாதியில் அரங்கை விட்டு வெளியே போய்விடுவார். உங்களுக்கும் கை பரபரத்தால் கோர்ட்டை விட்டு எழுந்து போய்விடுங்கள், ஓரத்தில் நின்று கத்தாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் நின்றுபோன அந்த நான்கு பையன்களின் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அப்பா அம்மாவிடம் அல்ல, அந்தப் பையன்களிடமே “நான் கத்தியது தப்பு” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூப்பிடுங்கள்.