கொல்லிமலைக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஆடி 18-ஐ ஒட்டி, திருச்சியிலிருந்து சொந்தக் காரில் கொல்லிமலை போக நினைக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, முட்டுவலி உண்டு. சின்னவனுக்கு வளைவு ரோடு என்றாலே வாந்தி. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வேண்டும், மலைச் சாப்பாடும் சாப்பிட வேண்டும். ஒரே நாளில் முடியுமா?

பதில்: போய்த் திரும்பிவிடலாம். ஆனால் பாதி நாள் காரிலேயே போய்விடும். ஓர் இரவு தங்குங்கள். ஆடி 18-ஐயும் தள்ளி வையுங்கள். அப்போது வல்வில் ஓரி விழா நடக்கும். கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் தேட வேண்டியிருக்கும். விழாவைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் சரி. இல்லையென்றால் டிசம்பர், ஜனவரி நல்லது. குளிரும் இருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பையனை முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துவிடுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். வளைவுகளுக்கு எண் பலகை உண்டு, அதை எண்ணச் சொல்லுங்கள். கண் ரோட்டிலேயே இருக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் விடுங்கள்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். செங்குத்தானவை, மழை பெய்தால் வழுக்கும். இறங்குவது சுலபம்போலத் தெரியும், ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும். அம்மாவுக்கு இது வேண்டவே வேண்டாம். நல்லவேளையாக, படிகள் தொடங்குவதே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில்தான். அம்மா அங்கே நிதானமாகச் சாமி கும்பிடட்டும். அறுத்த மீன் துண்டுகள் ஒன்று சேர்ந்து மறுபடி நீந்தியதாகக் கோயில் கதை ஒன்று உண்டு. பக்கத்தில் ஓடும் ஐயாற்று மீன்களுக்குப் பொரி போடுவார்கள், அதிலேயே அவருக்குப் பொழுது போய்விடும். நீங்கள் போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளம் வந்தால் அருவிக்கு விடமாட்டார்கள், போகும் முன் விசாரித்துவிடுங்கள்.

அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்களை வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று 'நாடு' கணக்கில்தான் சொல்வார்கள்.

சாப்பாட்டில்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். சாமையும் தினையும் விளைந்த காட்டில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சாமையை உமி நீக்க உரலில் மாய்ந்து மாய்ந்து குத்த வேண்டும்; மரவள்ளிக்கு அந்தப் பாடு இல்லை, கையில் காசும் வரும். யாரைக் குறை சொல்வது? அதனால் கடைக்குள் நுழைந்தால் பரோட்டாதான் கிடைக்கும். தங்கும் இடத்தில் முதல் நாளே "நாளைக்குச் சாமைச் சோறு, ராகிக் களி வேண்டும்" என்று சொல்லி வையுங்கள். சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் மிளகும் மலைவாழையும் வாங்கலாம்.

அப்புறம் முடவாட்டுக்கால் சூப். பாறையில் வளரும் பெரணியின் கிழங்கு அது, பார்த்தால் ரோமத்தோடு வெட்டிய ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சுரண்டி இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். முட்டுவலி பறந்துவிடும் என்று விற்பவர் அம்மாவிடம் அடித்துச் சொல்வார். குளிருக்கு இதமாக ஒரு டம்ளர் குடிக்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.