பெங்களூரில் சின்ன மீன் பிடிக்க அல்ட்ராலைட் தூண்டில் வாங்கினால் காசு வீணா?

வீண் என்று உங்களிடம் யார் சொன்னது? கடைக்காரராக இருக்காது, அவர் எதையும் விற்பார். பத்தடிக் கோலும் தடித்த தூண்டில் நரம்புமாகத் திரியும் ஆள் யாரோதான் சொல்லியிருப்பார். என் வீட்டில் அந்த ஆள் என் மச்சான்.

யூடியூபில் அமெரிக்கர்கள் புளூகில், கிராப்பி என்று உள்ளங்கை அளவு மீன்களை இந்த மெல்லிய, எளிதில் வளையும் கோலால் இழுப்பதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆசை வந்திருக்கும். அந்த மீன்கள் இங்கே கிடையாது. நமக்கு ஜிலேபி (திலேப்பியா மீன்) இருக்கிறது, குட்டிக் கெண்டை இருக்கிறது. ஜிலேபியும் வந்தேறிதான், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பாதிக் குட்டைகளில் அதன் ராஜ்ஜியம்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தரை முதல் ஆறரை அடிக்குள் ஒரு கோல். எத்தனை கிராம் வரை வீசலாம் என்று கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருக்கும், 1–5 கிராம் என்று இருந்தால் எடுங்கள். நரம்பைச் சுற்றிவைக்க 1000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 4 பவுண்டு இழுப்பு வரை தாங்கும் நரம்பு, 10ஆம் நம்பர் தூண்டில் முள். (நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், கடையில் குழம்பிவிடாதீர்கள்.) செயற்கை இரை வேண்டுமென்றால் இரண்டு கிராமுக்குள் ஜிக், அதாவது தலையில் ஈயம் வைத்த முள். இல்லாவிட்டால் தக்கை, பயறளவு ஈயக்குண்டு, மண்புழு போதும்.

இதில் கோல், ரீல், நரம்பு மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வீசும்போது இரையின் எடையில் கோல் வளைய வேண்டும், வளைந்தது நிமிர்கிற வேகத்தில்தான் இரை பறக்கும். விறைப்பான கோலுக்கு இரண்டு கிராம் தொங்குவதே தெரியாது. தடித்த நரம்போ சுருள் சுருளாகக் கழன்று வளையங்களில் உரசி, இரையைப் பாதி வழியிலேயே இறக்கிவிடும். புதுக் கோலில் பழைய 20 பவுண்டு நரம்பைச் சுற்றிவிட்டு அல்ட்ராலைட் சரியில்லை என்று எழுதுகிறவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, மச்சான் கதைக்கு வருகிறேன். ஆனேக்கல் பக்கம் மாமனாருக்குத் தெரிந்தவரின் பண்ணைக் குட்டை. என் கோலை வாங்கி இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுல பல்லியக்கூடப் புடிக்க முடியாது" என்றார். நான் பதில் பேசவில்லை. ஜிலேபி கடித்தால் தக்கை உடனே முங்காது. முதலில் நடுங்கும், அப்புறம் நைசாகப் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வில் மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும். கையகல மீனுக்கே கோல் பாதி வரை வளைந்து குலுங்கும். மச்சானின் கோலில் அதே மீன் வந்தால் சருகு மாட்டியதா மீன் மாட்டியதா என்றே அவருக்குத் தெரியாது.

வெயில் ஏறும் நேரத்தில் தக்கை ஒரேயடியாகக் காணாமல் போனது. ரீல் கிர்ரென்று கத்த ஆரம்பித்தது. "புடிச்சு நிறுத்துங்க மாப்ள, ஓடிரும்!" என்று மச்சான் கத்துகிறார். பிடித்து நிறுத்தினால்தான் அறும். ரீலின் டிராகை (எவ்வளவு இழுத்தால் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் திருகு) முந்தின இரவே சரிபார்த்து வைத்திருந்தேன். 4 பவுண்டு என்றால் 1.8 கிலோ, அதில் கால் பங்கு இழுப்புக்கு நரம்பு வழுக்கிக் கொடுக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் ஊற்றி நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள், மெதுவாக இறங்கினால் சரி. ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். ரோகு, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கை வலையில் ஏந்தியதே மச்சான்தான். இன்றுவரை அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

மெல்லிய நரம்பில் மீனை அலைக்கழிப்பது பாவம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, களைத்துப்போன மீனைத் திருப்பி விட்டாலும் பிழைக்காமல் போகலாம். ரோகு தானாக வந்து மாட்டியது, நான் தேடிப் போகவில்லை. திருப்பி விடுகிற எண்ணமிருந்தால் முள்ளிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஜிலேபியைத் தலையிலிருந்து வால் பக்கமாக நீவிப் பிடியுங்கள், முதுகு முள் படிந்துவிடும்.

வீட்டுக்கு எதிரிலேயே ஏரி இருக்கிறதே என்கிறீர்களா? எனக்கும் இருக்கிறது. 'லேக் வியூ' என்று சதுர அடிக்குத் தனியாகக் காசு வாங்கித்தான் ஃப்ளாட்டை விற்றார்கள். ஜன்னலைத் திறந்தால் சாக்கடை நாற்றம். நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டால், பேச்சு உடனே பார்க்கிங்குக்குத் தாவிவிடும். பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் ஏறுகிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன, 2018 ஜனவரியில் பெள்ளந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. இந்த ஏரி மீனைப் பிடித்துச் சாப்பிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? தவிர, பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான்.

தெரிந்தவர் குட்டை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் காசு கட்டிப் பிடிக்கும் குட்டைக்குப் போங்கள். கிளம்புமுன் போன் செய்து ஜிலேபி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கட்லா, ரோகு மட்டும்தான் என்றால் இந்தக் கோலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.