அதிகாரிகளுக்கு இத்தனை கல்லூரிகள் இருக்க, தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எதற்கு?

வெலிங்டன், செகந்திராபாத், தில்லியில் முப்படை அதிகாரிகளுக்கென இருக்கும் கல்லூரிகளே போதாதா, இன்னும் திட்டமாகவே நிற்கும் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன்; சீருடைக்கு வெளியே நின்று இத்துறையைப் படிக்க முயன்றவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

நான் சேலம் அம்மாப்பேட்டையைச் சேர்ந்தவன். கார்கில் போர்ச் செய்திகளை நாள்தோறும் படித்து வளர்ந்த ஆர்வத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பியல் முதுகலையில் சேர்ந்தேன். கல்விக் கடனுக்காக அப்பாவுடன் ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றபோது, அங்கிருந்த அலுவலர் படிப்புகளின் பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது போலீஸ் வேலைக்கான பயிற்சியா தம்பி?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகும், வேலை கிடைக்காத படிப்பு என்று கூறி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்தப் படிப்பை முடித்தேன். பொறியியலுக்கு யோசிக்காமல் கடன் கொடுப்பவர்கள், நாட்டின் பாதுகாப்பைப் படிக்க வருபவனை இப்படி நடத்துவது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ராணுவத்தில் ஒரு நாளும் இருந்திராதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு வடிவம் கொடுக்க 2001-இல் அமைக்கப்பட்ட குழுவின் தலைவரான கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரும் சீருடை அணிந்தவர் அல்லர். கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முப்படையினர், எஞ்சியோர் காவல் துறையினர், அரசு அலுவலர்கள், பொதுமக்கள் என்பது திட்டம். ஆசிரியர்களிலும் படையினரும் மற்றவர்களும் சரிபாதி. தளபதியாகப் போகிறவரும் வெளியுறவுத் துறைக்காரரும் ஆய்வாளரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து வாதிடுவதை, அதிகாரிகளுக்கென்றே அமைந்த பயிற்சிக் கல்லூரிகள் எப்படித் தர முடியும்? அவற்றின் தரத்தை நான் குறை கூறவில்லை. வெலிங்டனில் பயிலும் அதிகாரிகள் பெறும் முதுநிலைப் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்குவதுதான். பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகமாக இருந்தும் அவர்களோடு ஒரு மணி நேரம் கூட விவாதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு, தில்லியை அடுத்த குருகிராம் அருகே பினோலாவில் 2013 மே மாதம் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2016-இல் அதற்கான வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டார்கள். அது சட்டமாகியிருந்தால், அம்மாப்பேட்டையிலிருந்து இதே ஆர்வத்தோடு கிளம்பும் அடுத்த பிள்ளைக்கு அந்த வகுப்பில் ஓர் இடம் கேட்கவாவது வழி இருந்திருக்கும்.