கோடாக் தூங்கவில்லை: தொழில் கேள்விகள் சிலவும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பாதி, “அந்தக் கம்பெனி மாதிரி நாங்களும் செய்யலாமா?” என்ற ரகம். தாராளமாகச் செய்யலாம். அந்தக் கம்பெனி உண்மையில் என்ன செய்தது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுவோம்.

சார், மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். துளி கலப்படம் கிடையாது. ஆனால் “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு, விலையைக் கேட்டதும் போய்விடுகிறார்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
– காங்கேயம் வாசகர்

இப்போதைக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க வேண்டாம். தனிஷ்க் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கம்பெனி டைட்டன். ஓசூரில் வாட்ச் செய்து ஜெயித்த தெம்பில், தொண்ணூறுகளில் தனிஷ்க் என்ற பெயரில் நகைத் தொழிலிலும் இறங்கினார்கள். 18 காரட், மேல்நாட்டுப் பாணி டிசைன், பளபளக்கும் ஷோரூம். நம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். 18 காரட் என்றதும், நாளைக்கு அடகு வைத்தால் என்ன தேறும் என்று மனக்கணக்குப் போட்டபடி வெளியே வந்துவிட்டார்கள். நஷ்டம் ஏறியது. பிறகு 22 காரட்டுக்கு மாறினார்கள். அப்போதும் கூட்டம் வந்தபாடில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறையாக நம்பிப் போகிற நகைக்கடை ஒன்று இருக்கும்போது, ‘எங்கள் தங்கம் சுத்தமானது’ என்று பேப்பரில் போட்டால் யார் அசைவார்கள்?

அப்போதுதான் காரட்மீட்டர் வந்தது. எக்ஸ்ரே கதிரால் தங்கத்தின் தரத்தைச் சொல்லும் கருவி. உரசவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம், சில நிமிடத்தில் விடை வந்துவிடும். அந்த அறிவியல் பழசுதான். அதைக் கடைக்குள் வாடிக்கையாளர் கண்ணெதிரே வைத்து, ‘உங்கள் வீட்டு நகையைக் கொண்டுவந்து பாருங்கள்’ என்று அழைத்தது புதுசு. கல்யாணத்துக்கு 22 காரட் என்று சொல்லி வாங்கிய வளையல் அதைவிடக் குறைவாகக் காட்டினால், அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? தரம் குறைந்த நகையைக் கொடுத்துவிட்டு, செய்கூலி மட்டும் கட்டி 22 காரட் நகை வாங்கிக்கொள்ளும் திட்டமும் வந்தது. எந்தப் போட்டிக் கடையின் பெயரையும் அவர்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் வாரத்தில் ஒரு நாள் செக்கைப் பொதுவில் விடுங்கள். வாடிக்கையாளரே கடலையைக் கொண்டுவரட்டும், ஆட்டுக்கூலி மட்டும் வாங்குங்கள், புண்ணாக்கையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலை போவதை நின்று பார்த்தவர், அடுத்த முறை உங்கள் விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை: ‘பக்கத்துக் கடையில் கலப்படம்’ என்று மட்டும் பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள்.

விலையைக் குறைத்தால் எதுவும் விற்கும் என்பது சரியா?
– தஞ்சாவூர்

பாதி சரி. கடலூரிலிருந்து வந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் ரூ.15,000 முதலோடு தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பிற்பாடு பாக்கெட் 50 காசுக்கும் வந்தது. விற்றது. டாடா நானோ 2008இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அறிவிக்கப்பட்டு, பத்து வருடத்தில் உற்பத்தி நின்றே போனது. ஷாம்பூவைக் குளியலறையில் யாரும் பார்ப்பதில்லை. காரை வாசலில் தெருவே பார்க்கிறது. ஸ்கூட்டரில் போன குடும்பம் தலைநிமிர்ந்து ஏறத்தான் அந்தக் காரை வாங்க நினைத்தது. ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயர் அந்த ஆசையிலேயே மண்ணைப் போட்டது.

அப்பா தொடங்கிய அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் டைரியும்தான் எங்கள் சோறு. இப்போது பத்திரிகை வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகிறது. கோடாக் மாதிரி தூங்கிவிடக் கூடாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– சிவகாசி

நண்பர்களிடம் சொல்லுங்கள், ஃபிலிம் விற்ற அமெரிக்கக் கம்பெனியான கோடாக், டிஜிட்டல் வந்தபோது தூங்கவில்லை. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே அவர்கள்தான். 1975இல் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் இன்ஜினியர், ராசெஸ்டர் ஆய்வகத்தில் 3.6 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியைச் செய்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 வினாடி ஆனது. பின்னாளில் கோடாக் டிஜிட்டலில் பணத்தைக் கொட்டவும் செய்தது. 2005 வாக்கில் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடம் அவர்களுக்குத்தான். ஆனாலும் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தார்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஃபிலிம் ரோல், கழுவும் ரசாயனம், பிரிண்ட் பேப்பர் என்று ஒரே வாடிக்கையாளர் ஆயுசுக்கும் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். டிஜிட்டல் கேமராவை ஒரு முறை விற்றால் அதோடு சரி, அதிலும் லாபம் சொற்பம். ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளுக்குத் தாவிய கோடாக், தன் வேருக்குள் இருந்த ரசாயனத் தொழிலை 1994இலேயே தனிக் கம்பெனியாகப் பிரித்து அனுப்பியிருந்தது. அந்த ஈஸ்ட்மன் கெமிக்கல் இன்றும் நன்றாகவே ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை.

ஜப்பானின் ஃபிலிம் கம்பெனி ஃபியூஜிஃபிலிம் அதே வெள்ளத்தில்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு உச்சம் தொட்ட ஃபிலிம் விற்பனை அப்புறம் சரசரவென்று சரிந்தது. தலைவர் ஷிகெடாகா கொமோரி, நமக்கு என்னென்ன வித்தை தெரியும் என்று கணக்கெடுக்க வைத்தார். ஃபிலிமில் இருக்கும் ஜெலட்டின், கொலாஜனிலிருந்து வருவது. நம் தோலிலும் இருப்பது கொலாஜன்தான். படம் வெளுக்காமல் காக்கும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு, தோலுக்கும் பொருந்தும். 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற அழகுசாதன வரிசை வந்தது. ஃபிலிமுக்கு அடிப்படையான மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்சிடி திரைகளுக்கான பாதுகாப்புத் தாளாக மாறியது. அடுத்து மருந்துத் தொழில். இதெல்லாம் வலியில்லாமல் நடக்கவில்லை. ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

எனவே ‘நாங்கள் பத்திரிகை அடிப்பவர்கள்’ என்ற நினைப்பை விடுங்கள். நிறம் பிசகாமல் அடிப்பது, ஃபாயில் ஒட்டுவது, டை கட்டிங், முகூர்த்தத்துக்கு முன் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்ற கெடு, இவைதான் உங்கள் சொத்து. ஸ்வீட் கடைப் பெட்டி, ஜவுளி லேபிள், மருந்து அட்டை எல்லாவற்றுக்கும் இதே கைதான் வேண்டும். பழைய வேலையில் லாபம் வருகிறபோதே ஒரு மெஷினை இதற்கு ஒதுக்குங்கள். அப்பா சம்மதிப்பாரா என்பது தனிக் கேள்வி. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், அதுதான் உண்மையான கேள்வி என்று தோன்றுகிறது. முதல் ஆர்டரை அவர் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்தே வாங்கிவாருங்கள்.

வேலையாட்கள் தப்பை மறைக்கிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. ஆட்களை மாற்றிவிடலாமா?
– ராணிப்பேட்டை, தோல் பொருள் தயாரிப்பாளர்

மாற்றினாலும் புது ஆட்களும் மறைப்பார்கள். கலிஃபோர்னியாவில் ஃப்ரிமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். தரமோ படுமோசம். 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே பழைய ஆட்களையே எடுத்தார்கள், யூனியனும் அதேதான். இரண்டு வருடத்துக்குள் அங்கே வந்த கார்கள் ஜப்பானில் செய்யும் கார்களின் தரத்தை நெருங்கின. முன்பு எது நடந்தாலும் கார் நகர்ந்து வரும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. இப்போது தப்பைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வருவார், திட்ட அல்ல, உதவ. கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும்.

உங்கள் பட்டறையிலும் முதல் ஆள் ‘அண்ணே, இந்தத் தையல் சரியில்லை’ என்று சொல்லும் அந்த அரை நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பவராக இருந்தால் அதையும் பாருங்கள். நிறுத்தினால் கூலி போகும் என்றால் யார் நிறுத்துவார்?

3எம் கம்பெனியில் 15 சதவீத நேரம் சொந்த யோசனைகளுக்காமே. எங்கள் ஒன்பது பேர் ஆபீஸிலும் கொண்டுவரலாமா?
– சென்னை

வேண்டாம். அங்கே 1968இல் கிடைத்த, அழுத்தமாக ஒட்டாத பசை, ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் ஆகக் கடைக்கு வந்தது 1980இல். அத்தனை காலம் காத்திருக்க உங்களிடம் முதல் இருக்கிறதா? உங்கள் ஆட்கள் வேலையைச் சுலபமாக்க ஏற்கெனவே ரகசியமாகச் செய்துகொள்ளும் குறுக்குவழிகளைக் கேளுங்கள், போதும்.

பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் உண்டு. முகூர்த்த மாதத்தில் வருகிற ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கை வைக்காவிட்டால் சரியாக வராது.
– கோவை வாசகி

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள் அம்மா. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. மூட்டுவாதத்தால் முறுக்கிப்போன விரல்களோடு அறுவை செய்தவர் அவர். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு டாக்டர் அடுத்தவரிடம் போய்விடுவார். பரிசோதிப்பது, மருந்து விடுவது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு வருடம் பயிற்சி எடுத்த பெண்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்கிறார். கட்டணம் கொடுப்பவர்கள் தரும் பணத்தில் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க முடிவதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

உங்கள் வேலையில் அந்த ‘டாக்டர் வேலை’ கட்டிங்தான், கழுத்து டிசைனையும் சேர்த்துக்கொள்ளலாம். பாதிப் பேர் அளவு ஜாக்கெட்டைக் கையில் கொண்டுவந்துவிடுகிறார்கள், அதை எழுதிவைக்க ஒரு பெண் போதும். லைனிங் துணி நனைத்து அயர்ன் போடுவது, ஹெம்மிங், ஹூக், நாட் கட்டுவது இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் தொடாதீர்கள். முதல் மாதம் சில ஹூக்குகள் கோணலாக வரும். பிரித்துத் தைக்கிற செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆள் எடுங்கள். தை மாதம் நெருக்கத்தில் வந்து சேர்பவருக்குச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரம் இருக்காது.