மூன்று டிசைன்களை இலவசமாகக் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகள் டிசைனராக இருந்தேன். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்ததும் ஆர்டர்கள் நின்று, எங்கள் பிரிவில் ஆறு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வாங்கிய சம்பளம் 38,000 ரூபாய். இனி வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பெங்களூரில் குழந்தை உடைகளை இணையத்தில் விற்கும் ஒருவர், முதலில் மூன்று டிசைன்களை இலவசமாக அனுப்பச் சொல்கிறார். படம் வரைவதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கணவர் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அனுப்ப வேண்டாம். நான் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் ஆண்டில், வாய்ப்பேச்சை நம்பி ஒரு கடைக்கு நான்கு டிசைன்களைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே கழுத்து வேலைப்பாட்டை அவர்கள் அலமாரியில் பார்த்து நின்றவள் நான். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கணவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வெறும் படத்துக்கு இன்று பெரிய விலை கிடையாது. நீங்கள் விற்க வேண்டியது, அந்தப் படம் கட்டிங் டேபிளுக்குப் போகும் வரை தேவைப்படும் அறிவை, அதாவது துணி, அளவு, தையல் விவரங்களை எல்லாம் எழுதிய டெக் பேக்கை. இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுபடும் பட்டை) இழுத்தால் எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அளவுப் பட்டியலில் எழுதாமல் விட்டால், பவர் டேபிளில் தைப்பவர் தம் கைப்பழக்கப்படி தைத்துவிடுவார்; ஆயிரம் உருப்படி முடிந்த பிறகு, தலை நுழையவில்லை என்று சரக்கு திரும்பி வரும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் கழுத்திலும் தலைமூடியிலும் தொங்கும் கயிறு கூடாது என்ற ஐரோப்பியத் தரவிதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உள்நாட்டில் புதிதாகக் கடை விரிப்பவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் தேவை.

காட்டுவதற்கு மாதிரி வேண்டுமே என்பீர்கள். பழைய நிறுவனத்துக்காக வரைந்தவற்றைத் தொடாதீர்கள்; வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக உருவாக்கியதன் பதிப்புரிமை முதலாளிக்கே உரியது. புதிதாக மூன்று உடைகளை நீங்களே வடிவமைத்து, துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), சுருக்கம், தையல் வகை, அளவுகள், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம்) எல்லாம் எழுதி, தெரிந்த யூனிட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் தைத்துப் படமெடுத்து வையுங்கள். கேட்பவருக்கு ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும்.

விலையில்தான் நம் பெண்கள் மிகவும் தயங்குகிறார்கள். மாதம் 200 மணி நேரத்துக்கு 38,000 ரூபாய் என்றால் மணிக்கு 190 ரூபாய். தனியாக வேலை செய்யும்போது, ஆள் தேடுவதிலும் துணிக்கு அலைவதிலும் பாதி நேரம் போய்விடும் என்பதால் அதை இரட்டிப்பாக்கி, மென்பொருள், மின்சாரச் செலவையும் சேர்த்தால் 450 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒரு டெக் பேக்குக்கு ஆறு மணி நேரம் ஆனால் 2,700 ரூபாய். பேட்டர்ன் (துணி வெட்டும் வடிவம்), கிரேடிங் (அதை மற்ற அளவுகளுக்கு மாற்றுவது), சாம்பிள் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு.

பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். செய்துகொண்டால், வேலையை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், உங்கள் அனுமதியோடு 50 உருப்படிக்கு மேல் தொழில்முறையில் தயாரித்துவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை போய்விடும். ஆகவே, பின்னால் விற்பனையில் பங்கு வரும் என்று நம்பிக் காத்திராமல், கொடுக்கும்போதே முழு விலையைப் பேசிவிடுங்கள்.

இதற்கிடையே பணிக்கொடையை (கிராச்சுட்டி) கேட்டு வாங்கினீர்களா? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 20,000 ரூபாய் என்று வைத்தால், 11 ஆண்டுக்கு ஏறத்தாழ 1,26,900 ரூபாய் வரும். 30 நாளுக்குள் தர வேண்டியது அது. தொழில் நிலைபெறும் வரை அந்தப் பணம் வீட்டுச் செலவைத் தாங்கட்டும், பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள்.

பெங்களூர்க்காரருக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: “என் மாதிரி டெக் பேக்கில் ஒரு பக்கத்தை இணைத்துள்ளேன். உங்களுக்காக ஒரு டிசைனைக் கட்டணத்துக்குச் செய்து தருகிறேன். அது பிடித்திருந்தால் மற்ற இரண்டையும் பேசலாம்.” பதில் வராவிட்டால், உங்கள் ஊர் ஆடைச் சந்தையான கதர்பேட்டையில் சொந்தப் பெயரில் குழந்தை உடை விற்பவர்களிடம் அதே பக்கத்தையும் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.