ஆய்வகத்தில் தரைவண்டு வளர்த்து அதன் உணவைப் படிக்க முடியுமா? என் வண்டுகள் ஏன் சீக்கிரம் செத்துப்போகின்றன?

கல்லூரி புராஜெக்ட் என்று நினைக்கிறேன். குழிப்பொறியில் (தரைமட்டத்தில் புதைத்து வைக்கும் டப்பா, நடந்து வரும் பூச்சி உள்ளே விழும்) விழுந்ததை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு மூடியிருப்பீர்கள், சரியா? காலையில் நாலைந்து கால்களும் ஒரு தலையும் மிச்சம் கிடந்திருக்கும். பெரியது சின்னதைத் தின்னும். லார்வாக்கள் இன்னும் மோசம், கூடப் பிறந்ததையே விடாது. ஒரு வண்டுக்கு ஒரு டப்பா, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மற்ற சாவுகளுக்குப் பெரும்பாலும் வறட்சிதான் காரணம். பட்டினியைத் தாங்குகிற வண்டு ஈரம் இல்லாமல் தாங்காது. அடியில் மண் போட்டு ஒரு ஓரத்தை மட்டும் நனைத்து வையுங்கள், முழுக்க நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டு போதும். தின்று போட்ட மிச்சத்தைத் தினமும் எடுத்துவிட வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். தரைவண்டு என்றாலே புழு பூச்சியைப் பிடித்துத் தின்னும் விவசாயியின் நண்பன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏறக்குறைய 40,000 இனங்கள் உள்ள குடும்பம் அது! என்னிடம் இருந்தவை ஹார்பலஸ் பேரினம். "புழுவைப் போடு, எத்தனை தின்றது என்று எண்ணு" என்றார் கைடு. போட்டேன், தின்றன. கூடவே களைச்செடி விதைகளையும் வைத்தேன். புழுவைப் பாதியில் விட்டுவிட்டு விதையை உடைக்க ஆரம்பித்தன. ஹார்பலஸ், இன்னொரு தரைவண்டுப் பேரினமான அமாரா எல்லாம் விதை தின்னும் என்பது தெரிந்த சங்கதிதான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை.

ஆனால் வைவாவில் தேர்வாளர் கேட்டார்: "விதை எடை குறைந்தது வண்டு தின்றதால்தான் என்று எப்படிச் சொல்கிறாய்? அழுகியிருக்கலாமே?" இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. வண்டே விடாத தட்டுகளில் அதே விதை, அதே ஈரம், அதே நேரம் வைத்து எடை பார்த்திருந்தேன். ஈரத்தை உறிஞ்சி விதையின் எடை கூடும், வெட்டிப்போட்ட புழு காய்ந்து எடை குறையும். அந்த மாற்றத்தைக் கழித்த பிறகு நிற்பதுதான் வண்டு தின்ற அளவு. அட்டவணை அடுத்த பக்கத்திலேயே இருந்தது, அவர் புரட்டவில்லை. நீங்களும் இந்தக் கன்ட்ரோல் தட்டை விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு முன் எல்லா வண்டையும் ஒரே அளவு நேரம், 24 அல்லது 48 மணி, பட்டினி போடுங்கள். பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை, அதனால் கவனிக்கச் சிவப்பு விளக்கு நல்லது.

"டப்பாவில் தின்றால் வயலிலும் தின்னுமா?" என்று கேட்க யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு இரையை வைத்தால், அதை வண்டால் தின்ன முடியும் என்பது மட்டும் தெரியும். இரண்டு மூன்றை வைத்தால் விருப்பம் ஓரளவு பிடிபடும். அதற்காக, வண்டின் வயிற்றில் எந்த இரையின் டிஎன்ஏ இருக்கிறது என்று பார்க்கும் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். செத்துக் கிடந்த நத்தையைத் தின்றதா, உயிரோடு பிடித்ததா என்று அது சொல்லாது. அசுவினியைத் தின்ற சிலந்தியை வண்டு தின்றாலும் வயிற்றில் அசுவினி காட்டும். குழிப்பொறிக்குள் விழுந்த பிறகு பக்கத்தில் இருந்ததைக் கடித்திருந்தாலும் கணக்கில் ஏறிவிடும். வயிற்றை அறுத்துப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. பல இனங்கள் செரிமான நீரை இரைமேல் விட்டுக் கரைத்து உறிஞ்சுபவை, உள்ளே ஒரு துண்டும் கிடைக்காது.

ஆனாலும் எங்கள் துறையில் புது இயந்திரம் எல்லாம் டிஎன்ஏ பக்கம்தான் போனது. வண்டுக்காரனுக்குப் பொது இன்குபேட்டரில் ஒரு தட்டு. அதையும் யாரோ பாக்டீரியா வளர்க்க 37 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டதற்கு, "வண்டுதானே, இன்னொன்று பிடித்துக்கொள்" என்று பதில்! இன்குபேட்டர் கதவில் பெயரும் வெப்பநிலையும் எழுதி ஒட்டுங்கள், ஒட்டினாலும் தினமும் போய்ப் பாருங்கள்.

அப்புறம், எந்த வண்டு என்று நீங்கள் எழுதவே இல்லையே? சைக்ரஸ் என்ற தரைவண்டுப் பேரினம் மாதிரி ஒல்லித் தலை உள்ளது என்றால் அதற்கு நத்தை கொடுங்கள். ஓட்டுக்குள் நுழைக்கத்தான் அந்தத் தலை.