இசை கேள்வி-பதில்: மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, பாட்டுத் தொடரை எதனால் கட்டுவது?

கே: ஐந்து கவிதைகளை சோப்ரானோ (பெண்களின் உச்ச) குரலுக்கும் பியானோவுக்கும் பாட்டுத் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறேன். மேஜர், மைனர் என்ற மேற்கத்திய சுர அமைப்புகள் எதிலும் நிற்கவில்லை. தனித்தனியே நன்றாக இருக்கும் பாட்டுகள், வரிசையாக வாசித்தால் ஐந்து பேர் எழுதியதுபோல் கேட்கின்றன. ஐந்துக்கும் ஒரே பன்னிரு சுர வரிசையை (பன்னிரண்டு சுரமும் ஒவ்வொரு முறை வரும் வரிசை) வைத்தால் சரியாகுமா?

ப: ஆகாது. பன்னிரண்டு சுரங்களை வரிசைப்படுத்த 47 கோடியே 90 லட்சம் வழிகள் உண்டு. எந்த வரிசையை எடுத்தாலும் தலைகீழாக்கி (ஏற்றத்தை இறக்கமாக்கி), பின்னோக்கி ஓட்டி, இடம் மாற்றினால் (வேறு சுரத்தில் தொடங்கினால்) 48 வடிவங்கள் வரை வரும். தாளில் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம்தான். கேட்பவருக்கு அது தெரியாது. அவர் காதில் தங்குவது அடுத்தடுத்த இரண்டு மூன்று சுரங்களுக்கு நடுவிலுள்ள தூரம். அதனால் மூன்று சுரத்தில் ஆரம்பியுங்கள்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் 'பியரோ லூனேர்' (1912) நல்ல பாடம். 21 கவிதைகள், ஏழேழாக மூன்று பகுதி. எட்டாவது பாட்டான 'நாக்ட்' (இரவு) ஈ, ஜி, ஈ ஃபிளாட் என்ற துணுக்கிலிருந்து முளைக்கிறது: மூன்று அரைச்சுரம் ஏற்றம், நான்கு அரைச்சுரம் இறக்கம். (அரைச்சுரம் என்பது பியானோவில் பக்கத்துக் கட்டைக்குள்ள தூரம்; ஃபிளாட் ஓர் அரைச்சுரம் கீழே, ஷார்ப் ஓர் அரைச்சுரம் மேலே.) பாஸ் கிளாரினெட், செல்லோ, பியானோவின் அடிக்கட்டைகள் எல்லாம் இதையேதான் சொல்கின்றன. படைப்பு பெரும்பாலும் பேச்சும் பாட்டும் கலந்த குரலில் போகும். இந்தப் பாட்டில் ஒரு சொல் வரும்போது மட்டும் அதே மூன்று சுரத்தை உண்மையாகவே பாடச் சொல்கிறார். அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

இந்தத் துணுக்கையே எடுத்துக்கொள்வோம். நேர் வடிவம் 12, தலைகீழ் 12, ஆக 24 வடிவங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம். இரண்டு சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈ ஃபிளாட், ஜி இரண்டையும் வைத்துக்கொண்டு ஈ-யை எஃப் ஷார்ப் ஆக்கினால் தலைகீழ் வடிவம் கிடைக்கும். ஈ ஃபிளாட், ஈ இரண்டையும் வைத்தால் ஜி இருந்த இடத்தில் சி வரும். ஈ, ஜி இரண்டையும் வைத்தால் ஈ ஃபிளாட் போய் ஜி ஷார்ப் வரும். இந்த மூன்றும் கதவின் கீல் மாதிரி. முதல் பாட்டு ஈ ஃபிளாட், ஜி இரண்டையும் அழுத்தி முடியட்டும். இரண்டாவது அதே இரண்டோடு எஃப் ஷார்ப் சேர்த்துத் தொடங்கட்டும். இடையில் மௌனம் இருந்தாலும் தொடர்ச்சி கேட்கும்.

வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அதையும் இதே துணுக்கிலிருந்து கட்டலாம். ஷோன்பெர்க்கின் மாணவர் வெபர்ன் 1934இல் முடித்த கான்செர்ட்டோவின் வரிசை நான்கு மூன்று-சுரத் துண்டுகள்: பி, பி ஃபிளாட், டி, ஈ ஃபிளாட், ஜி, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, எஃப், சி, சி ஷார்ப், ஏ. நான்கும் மேலே சொன்ன குடும்பமே.

பலரும் சறுக்குவது 24 வடிவங்களையும் முதல் பாட்டிலேயே கொட்டிவிடுவதில். பாட்டுக்கு மூன்று, நான்கு வடிவம் போதும். தொடக்கத்தில் வந்த துணுக்கு அதே சுரத்தில், அதே ஸ்தாயியில் திரும்புவதை ஓரிரு இடத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் 'ஹராவி' பாட்டுத் தொடரில் (1945) 12 பாட்டு. காதல் கருப்பொருள் 2, 7, 12 ஆகியவற்றில் வருகிறது. ஐந்தைந்து பாட்டு இடைவெளி. அடிக்கடி வந்திருந்தால் திரும்பி வந்ததாகவே தோன்றாது.

கே: பாடுபவர் சுரம் பிசகுகிறார். பியானோ சரியாகத்தான் இருக்கிறது. என் எழுத்தில் கோளாறா?

ப: பெரும்பாலும் எழுத்தில்தான். 11, 13 அரைச்சுரத் தாவல்களை எண்ணிப் பாருங்கள். இரண்டுமே ஒரு ஸ்தாயிக்கு ஓர் அரைச்சுரம் இப்படி அல்லது அப்படி. தொண்டை தானாகவே 12-க்கு வழுக்கிவிடும். அந்தத் தாவலை பியானோவுக்குக் கொடுத்துவிட்டு, குரலுக்கு அதே சுரங்களை அருகருகே வையுங்கள்.

அடுத்து, நுழைவு. பாடகி எடுக்க வேண்டிய சுரம் முந்தைய இரண்டு பார்களுக்குள் (தாள அளவுகளுக்குள்) பியானோவில் ஒலித்திருக்க வேண்டும், முடிந்தால் அதே ஸ்தாயியில், கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) மேல் சுரமாக. ஆறு சுரக் கார்டின் நடுவில் புதைத்துவிட்டு 'கொடுத்தேனே' என்றால் அது கொடுத்ததாகாது. நுழையும் நொடியில் பியானோ பக்கத்து அரைச்சுரத்தை அதே ஸ்தாயியில் அடித்தாலும் குரல் அந்தப் பக்கம் இழுபடும்.

எழுதும் பெயரும் முக்கியம். ஜி-யிலிருந்து பி-க்கு ஏறுவதை சி ஃபிளாட் என்று எழுதினால் கட்டை ஒன்றுதான்; ஆனால் பாடகியின் கண் அதை நான்காம் சுரமாகப் படித்து உயரத்தில் குறிவைக்கும். பியானோ பகுதியில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், குரல் வரியில் காது கேட்கும் இடைவெளியை எழுதுங்கள்.

கே: வரிசையை ஆரோகணம் போல நினைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். வரிசையில் எந்தச் சுரமும் எந்த ஸ்தாயியிலும் வரலாம். ஏற்றம் இறக்கம் என்ற கணக்கே அதில் இல்லை. எல்லாச் சுரமும் சமம் என்பதால் நியாச சுரமும் (ராகம் வந்து தங்கும் சுரம்) கிடையாது.

கே: மெசியானின் இரண்டாம் மோடில் (அவர் வகுத்த சுரத் தொகுப்புகளில் ஒன்று) ஒரு பாட்டு எழுதினேன். அழகாக இருக்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது.

ப: அந்த மோடின் குணம் அது. அரை, முழு (இரண்டு அரைச்சுரம்), அரை, முழு என்று போகும் எட்டுச் சுரங்கள். மூன்று அரைச்சுரம் மேலே நகர்த்தினால் அதே எட்டும் திரும்ப வரும். மொத்தமே மூன்று இடமாற்றம்தான். சி-யில் தொடங்கினால் சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ நான்கிலும் மேஜர் கார்டு உள்ளேயே கிடைப்பதால் இடம் மாறினேன் என்று உங்களுக்குத் தோன்றும். கேட்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார். மூன்று இடமாற்றங்களையும் ஒரே பாட்டில் செலவழிக்காமல் ஒன்றில் நில்லுங்கள். உச்சச் சொல்லில் மட்டும் மோடுக்கு வெளியே உள்ள நான்கு சுரங்களில் ஒன்றை இறக்குங்கள். அந்தச் சொல்லை நடு சி-க்கு மேலுள்ள சி (சுமார் 523 ஹெர்ட்ஸ்) தாண்டி வைக்காதீர்கள். அதற்கு மேல் சோப்ரானோ குரலில் 'இ', 'உ' இரண்டும் உயிரெழுத்தாகப் பிரிந்து கேட்பது கடினம். காதில் சுரம் விழும், சொல் விழாது.